தபால்தலை சைஸில் ஒரு கஜலட்சுமி!

ராத்திரி ஒன்பதரை மணிக்கு மேல் போன் அடித்தால் விஷயம் இரண்டில் ஒன்றுதான். கடன் கேட்பார்கள், அல்லது கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பார்கள். அன்றைக்கு நண்பன் மூன்றாவதாக ஒன்று வைத்திருந்தான்.

"மாப்ள, கஜலட்சுமி கருகிட்டாடா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாருடா அது? உங்க சித்தியா?"

"சித்தியும் இல்ல, அத்தையும் இல்ல. பூஜை ரூம் கதவுக்குச் செதுக்கிட்டிருந்த கஜலட்சுமி. தேக்குப் பலகை. நாளை மறுநாள் டெலிவரி. வந்து பாரு, அழுகை வருது."

நண்பனைப் பற்றிக் கொஞ்சம். போன வருஷம் வரை மதுரையில் ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். அப்பா மரவேலைக்காரர்; நாற்பது வருஷமாக நிலை, கதவு, ஊஞ்சல் என்று செதுக்கிச் செதுக்கிக் கையே உளி மாதிரி ஆகிவிட்ட மனிதர். 'எத்தனை நாளைக்குத்தான் மேனேஜர் முகத்தைப் பார்ப்பது, அப்பா தொழிலையே நவீனமாகச் செய்வோம்' என்று பையனுக்கு ஞானோதயம். (ஆபீஸில் வேலை பார்க்கும் நம் எல்லோருக்கும் மாசக் கடைசியில் வருமே, அதே ஞானோதயம்தான். இவனுக்கு அது மாச முதலிலும் தங்கிவிட்டது.) ராஜினாமா கொடுத்தான். பேங்க் லோன் பாதி, மனைவியின் நாலு வளையல் பாதி. எட்டுக்கு நாலு அடி மேஜையுள்ள மூன்று அச்சு சி.என்.சி. ரவுட்டர் ஒன்று லாரியில் வந்து பட்டறையில் இறங்கியது.

நான் போய்ப் பார்த்தபோது அருமையான தேக்குப் பலகை. நடுவே, சரியாகத் தபால்தலை அளவில், ஒரு கறுப்புச் சூடு. யானையும் இல்லை, லட்சுமியும் இல்லை. இஸ்திரிப் பெட்டியின் மூக்கை வைத்து எடுத்த மாதிரி ஒரு வடு.

"கம்ப்யூட்டர்ல முழுசா அழகா தெரிஞ்சுதுடா. அஞ்சு மணி நேரம்னு காட்டிச்சு. ஓட விட்டுட்டு பேங்குக்குப் போனேன். அப்பாதான் வாசனை புடிச்சு ஓடி வந்து ஆஃப் பண்ணிருக்காரு."

அப்பா ஒன்றும் பேசவில்லை. மூலையில் இழைப்புளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சில அப்பாக்கள் திட்டுவதைவிட இது மோசம்.

நடுவில் நின்ற துபாஷி

நடந்தது என்ன? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நான் பி.காம். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கு நிச்சயம் புரியும்.

இந்த மெஷினுக்குக் கண் கிடையாது. கஜலட்சுமி யார், கருடன் யார் என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் 'இடது வலது இவ்வளவு போ, முன் பின் இவ்வளவு போ, கீழே இவ்வளவு இறங்கு' என்கிற மூன்று கட்டளைதான். எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று அச்சு. இந்தக் கட்டளைகளுக்கு ஜி கோட் என்று பெயர். ஜி0 என்றால் வேகமாகத் தாண்டிப் போ. ஜி1 என்றால் வெட்டிக்கொண்டே நேராகப் போ. ஜி2, ஜி3 என்றால் வளைந்து போ. எம்3 என்றால் சுழல ஆரம்பி. எம்5 என்றால் நிறுத்து.

படம் வரைவது 'கேட்' சாஃப்ட்வேர். அந்தப் படத்தை எந்த பிட் போட்டு, எவ்வளவு ஆழத்தில், எந்தப் பாதையில், எந்த வேகத்தில் வெட்டுவது என்று திட்டம் போடுவது 'கேம்' சாஃப்ட்வேர். கட்டட பாஷையில் சொன்னால் கேட் என்பவர் என்ஜினீயர். கேம் என்பவர் மேஸ்திரி. மேஸ்திரி சரியில்லாவிட்டால் வீடு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மேஸ்திரிக்கும் மெஷினுக்கும் நடுவே இன்னொருவர் இருக்கிறார். பெயர் போஸ்ட் பிராசஸர். கும்பினியார் காலத்தில் வெள்ளைக்காரனுக்கும் வியாபாரிக்கும் நடுவே நின்றாரே துபாஷி, அவர் மாதிரி. மேஸ்திரி போட்ட திட்டத்தை, அந்தக் குறிப்பிட்ட மெஷினின் கன்ட்ரோலருக்குப் புரிகிற பேச்சு வழக்கில் மாற்றிக் கொடுப்பது இவர் வேலை. ஜி கோட் எல்லா ஊரிலும் தமிழ் மாதிரி ஒன்றுதான். ஆனால் திருநெல்வேலியும் கோயம்புத்தூரும் ஒரே மாதிரியா பேசுகின்றன?

நண்பனின் துபாஷி செய்த காரியம் இதுதான். ஃபைலை அங்குலக் கணக்கில் எழுதிவிட்டார். கன்ட்ரோலர் அதை மில்லிமீட்டர் என்று படித்துவிட்டது. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர். 600 மில்லிமீட்டர் அகல கஜலட்சுமி 23.6 மில்லிமீட்டர் ஆகிவிட்டாள். 12 மில்லிமீட்டர் ஆழம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. நிமிஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் ஓட வேண்டிய பிட், 118 மில்லிமீட்டர் வேகத்தில் நத்தையாக நகர்ந்தது. சுழல்வது மட்டும் நிமிஷத்துக்கு 18,000 சுற்று! வெட்டாமல் தேய்த்துக்கொண்டே இருந்தால் மரம் என்ன செய்யும்? பொசுங்கும். தூரமும் 25 பங்கு குறைவு, வேகமும் 25 பங்கு குறைவு என்பதால் நேரம் மட்டும் அதே ஐந்து மணி. அப்பாவின் மூக்கு இல்லாவிட்டால் பட்டறையே போயிருக்கும். (ஓடுகிற ரவுட்டரை விட்டுவிட்டு பேங்குக்கு என்ன, பக்கத்து டீக்கடைக்குக்கூடப் போகக் கூடாது.)

கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் சரியாகத்தானே தெரிந்தது? தெரியும். திரையில் ஓடும் ஒத்திகை, துபாஷி வாய் திறப்பதற்கு முன்னால் நடப்பது. தப்பு அதற்குப் பிறகு.

பென் டிரைவ் பிரசாதம்

"சாஃப்ட்வேர் எங்கடா வாங்கினே?" என்றேன்.

"மெஷின் வித்தவர் பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்தாரு. 'எல்லாம் இதுல இருக்கு சார், லட்ச ரூபா சாஃப்ட்வேர், உங்களுக்கு ஃப்ரீ'ன்னாரு."

"பில்லுல எழுதியிருக்கா?"

இல்லை. லைசென்ஸ் இல்லை, பதிவு எண் இல்லை, சந்தேகம் கேட்க ஆள் இல்லை. பூட்டை உடைத்த திருட்டு நகல். விற்றவருக்குப் போன் போட்டால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று ஒரு அம்மாள் மூன்று மொழியில் இனிமையாகச் சொன்னார்.

இந்த 'ஃப்ரீ'யின் விலை சட்டப் புத்தகத்தில் அச்சிட்டே இருக்கிறது. 1957-ம் வருஷ காப்பிரைட் சட்டம், 63பி பிரிவு. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருஷம் சிறை. 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்கோ லாபத்துக்கோ அல்லாமல் பயன்படுத்தியவருக்கு கோர்ட் சிறையை விலக்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. பட்டறை போர்டு மாட்டி லோன் வாங்கி உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

சட்டத்தை விடுங்கள். தொழிலாகவே பார்ப்போம். துபாஷி தப்பாகப் பேசினால் யாரிடம் முறையிடுவது? திருட்டு நகலுக்கு வாடிக்கையாளர் சேவை கிடையாது. ஐந்து லட்ச ரூபாய் மெஷின் ஒரு பென் டிரைவின் கருணையில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "தம்பி, நீங்க கணக்குப் படிச்சவரு. நல்லதா, கைக்கு அடக்கமா ஒண்ணு வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்க. திருட்டு உளி நமக்கு வேணாம்."

முதலில் ஆர்டர் நோட்டு

கடைக்குப் போய் 'சார், நல்ல சாஃப்ட்வேர் எது?' என்று கேட்பது, கல்யாணத் தரகரிடம் 'நல்ல பெண் எது?' என்று கேட்பது போல. கையில் இருப்பதைக் காட்டுவார். நம்முடைய தேவை என்ன என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

ரவுட்டர் வேலை மொத்தம் மூன்று ஜாதி.

ஒன்று, தட்டையாக வெட்டுவது. பிளைவுட், எம்.டி.எஃப். பலகையில் ஜாலி, கட்டில் தலைமாட்டு டிசைன், துளை, பள்ளம். ஆழம் ஒரே அளவு. இதற்கு மலிவான சாஃப்ட்வேரே தாராளம்.

இரண்டு, எழுத்து செதுக்குவது. வி வடிவ பிட் போட்டுப் பெயர்ப்பலகை. எழுத்து அகலமான இடத்தில் பிட் ஆழமாக இறங்கும், குறுகும் இடத்தில் மேலே ஏறும். உளியால் வெட்டிய மாதிரி இருக்கும். இதை 'வி கார்விங்' என்பார்கள். எல்லா சாஃப்ட்வேரும் இதை ஒரே மாதிரி அழகாகச் செய்வதில்லை.

மூன்று, புடைப்புச் சிற்பம். கஜலட்சுமி, பிள்ளையார், கொடி, அன்னம். பெரிய பிட்டால் முதலில் கொத்தி எடுத்து, பிறகு உருண்டை முனை பிட்டால் நெருக்கமாகக் கோடு கோடாக ஓட்டி முடிப்பது. நேரமும் இதற்குத்தான் அதிகம், சாஃப்ட்வேர் விலையும் இதற்குத்தான் அதிகம்.

"நீ என்ன வேலைடா அதிகம் பண்றே?" என்றேன்.

"புடைப்புதான்! அதுக்குத்தானே மெஷினே வாங்கினேன்."

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். வாய்ச் சொல்லை நம்ப மாட்டான், வவுச்சரைக் கேட்பான். ஆர்டர் நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஆறு மாதத்தில் 40 ஆர்டர். அதில் 26 ஜாலியும் தட்டை வெட்டும். ஒன்பது பெயர்ப்பலகை. புடைப்பு வெறும் ஐந்து. அவன் மனசுக்குள் கஜலட்சுமித் தொழில் செய்துகொண்டிருந்தான். நோட்டு ஜாலித் தொழில் என்கிறது!

நம்மில் பலர் இப்படித்தான். சென்ட்ரலிலிருந்து தாம்பரம் போக ஏரோப்ளேன் விலை விசாரிப்போம்.

இரண்டாவது, உங்கள் கன்ட்ரோலர்

மெஷினின் மூளைப் பெட்டி எது என்று பாருங்கள். சின்ன மெஷின்களில் ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச கன்ட்ரோலர் இருக்கும். சிலவற்றில் மாக்3. நம் ஊர்ப் பட்டறைகளில் நிறையப் பார்க்கக் கிடைப்பது கையில் பிடித்து இயக்கும் டி.எஸ்.பி. பெட்டி. டி.வி. ரிமோட்டுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். பென் டிரைவைச் செருகினால் ஃபைலைப் படித்து ஓட்டும். உங்கள் பெட்டியின் பெயரும் மாடல் எண்ணும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, 'இதற்கு மில்லிமீட்டரில் எழுதும் போஸ்ட் பிராசஸர் இருக்கிறதா?' என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். இல்லை என்றால் மற்ற அம்சங்கள் எத்தனை இருந்தாலும் வணக்கம் சொல்லி வந்துவிடலாம்.

நாலு அச்சு, ஐந்து அச்சு வேலைக்கெல்லாம் வசதி உண்டு என்று விலை கூடுதலாகச் சொன்னால் மயங்காதீர்கள். மூன்று அச்சு மெஷினில் பிட் மேலிருந்து மட்டும்தான் இறங்கும். சிலையின் கக்கத்துக்குள் நுழைந்து குடையாது. மெஷினால் முடியாததற்கு சாஃப்ட்வேரில் எதற்குக் காசு?

மூன்றாவது, பர்ஸ்

இனி கடைத்தெரு. டாலர் 85 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். வாங்குகிற அன்றைக்கு அந்தந்த கம்பெனி விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீகேட்: நிஜமாகவே இலவசம், சட்டப்படி இலவசம், வியாபாரத்துக்கும் இலவசம். திறந்த மூல சாஃப்ட்வேர். 2024 நவம்பரில் 1.0 என்ற நிலையை எட்டியது. கேம் பகுதி உள்ளேயே இருக்கிறது. காசு கேட்காது, ஆனால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்கும். பழகுவதற்குப் பொறுமை வேண்டும்.

எஸ்ட்எல்கேம்: ஜெர்மனிச் சரக்கு. சுமார் 60 யூரோ, நம் காசில் ஆறாயிரம் சொச்சம். ஒரு முறை கட்டினால் போதும். தட்டை வெட்டு, எழுத்து, புடைப்பு மூன்றும் செய்யும். காசு கட்டுவதற்கு முன்பும் முழுதாக ஓட்டிப் பார்க்கலாம். சேமிக்கும்போது மட்டும் காக்க வைக்கும். ரேஷன் கடையில் நின்று பழகியவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை.

வெக்ட்ரிக்: இங்கிலாந்து கம்பெனி. வி கார்வ் டெஸ்க்டாப் சுமார் 350 டாலர், அதாவது 29,750 ரூபாய். வேலை அளவு 25 அங்குலத்துக்கு 25 என்று வரம்பு உண்டு; பெரியதைத் துண்டு துண்டாகத்தான் ஓட்ட வேண்டும். எட்டடி மேஜைக்காரருக்கு வரம்பில்லாத வி கார்வ் ப்ரோ வேண்டும். சுமார் 700 டாலர், 59,500 ரூபாய். இதற்கு மேல் ஆஸ்பயர், சுமார் 2,000 டாலர், 1,70,000 ரூபாய். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் லட்சத்துப் பத்தாயிரம் எதற்கு? ஆஸ்பயரில் புடைப்பு உருவத்தை நீங்களே உருவாக்கலாம். வி கார்வில் உருவாக்க முடியாது. ஆனால் வேறு இடத்தில் வாங்கிய எஸ்.டி.எல். உருவத்தை உள்ளே கொண்டுவந்து வெட்டலாம். ரெடிமேட் கஜலட்சுமி விலைக்குக் கிடைக்கும்போது, தானே சிற்பி ஆகிறவர்களுக்கு மட்டும்தான் ஆஸ்பயர். இதன் இலவச மாதிரியில் எல்லாம் பழகலாம். நீங்கள் வரைந்ததை மட்டும் மெஷினுக்கான ஃபைலாகச் சேமிக்க விடாது.

கார்வெகோ: இதற்கு ஒரு பூர்வ ஜென்மம் உண்டு. ஆர்ட்கேம் என்று நம் ஊர்ப் பட்டறைகளில் பிரபலமாக இருந்ததே, அதுதான். டெல்கேம் என்ற இங்கிலாந்து கம்பெனியுடையது. 2014-ல் ஆட்டோடெஸ்க் டெல்கேமையே வாங்கியது. 2018-ல் ஆர்ட்கேம் விற்பனையை நிறுத்தியது. அதே வருஷம் அந்த சாஃப்ட்வேரின் உரிமத்தைப் பெற்று கார்வெகோ பிறந்தது. மாத வாடகை முறை. கார்வெகோ மேக்கர் என்ற சின்னப் பதிப்பு மாதம் சுமார் 15 டாலர், வருஷத்துக்கு 15,300 ரூபாய். கைமுதல் குறைவு. ஆனால் வாடகை வீடு வாடகை வீடுதான்.

ஃப்யூஷன்: ஆட்டோடெஸ்கின் சொந்தப் பிள்ளை. பலமான சாஃப்ட்வேர். சொந்த உபயோகத்துக்கு இலவசம் என்பார்கள். வியாபாரத்துக்கு அந்த இலவசம் செல்லாது என்பதைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். 2020-ல் அந்த இலவசப் பதிப்பில் இன்னும் சில கத்தரிப்பு நடந்தது. முக்கியமாக ஜி0 என்ற வேகத் தாவல் போனது. காற்றில் தாண்டும்போதும் மரத்தில் வெட்டும் வேகத்திலேயே மெஷின் ஊர்ந்து போகும். சும்மா கிடைக்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அந்த மாட்டை வைத்துப் பால் வியாபாரம் செய்வதாக இருந்தால் பார்த்தே ஆக வேண்டும்!

இதற்கெல்லாம் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்பதை மறக்காதீர்கள். 59,500 ரூபாய் என்பது 70,210 ஆகும்.

தமிழுக்கு ஒரு வார்த்தை

பெயர்ப்பலகைக்காரர்கள் கவனிக்க. சில சாஃப்ட்வேர்களில் தமிழ் அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும். 'கோபால்' என்று போர்டு கேட்டவருக்குப் புதிய மொழி ஒன்றைச் செதுக்கிக் கொடுத்துவிடுவீர்கள். வழி சுலபம். இன்க்ஸ்கேப் என்ற இலவச சாஃப்ட்வேரில் தமிழ் அடித்து, அதை வெறும் கோடுகளாக மாற்றி, எஸ்.வி.ஜி. அல்லது டி.எக்ஸ்.எஃப். ஃபைலாகச் சேமித்து கேமுக்குக் கொண்டுபோனால் எழுத்து அசையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் பரீட்சை வைத்தோம். கழிவு எம்.டி.எஃப். துண்டில் ஒரு சாண் சதுரத்துக்கு ஒரு மாதிரி வேலை. அதில் ஒரு வட்டம், ஒரு சதுரப் பள்ளம், 'அ' என்ற எழுத்து, உள்ளங்கை அளவு லட்சுமி முகம். ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும் இதே வேலை. ஓட்டிப் பார்க்க விடுவதை ஓட்டினோம். விடாததைத் திரையில் பழகினோம். நடுவர், அப்பா.

வட்டத்தை அளந்தால் வட்டமாக இருக்கிறதா, 50 மில்லிமீட்டர் என்றால் 50 இருக்கிறதா, திரையில் சொன்ன நேரமும் கடிகாரம் சொன்ன நேரமும் ஒத்துப்போகிறதா என்று நானும் நண்பனும் பார்த்தோம். அப்பா முகத்தை மட்டும் பார்த்தார்.

"லட்சுமிக்குக் கண்ணே இல்லையேப்பா!"

உண்மைதான். ஆறு மில்லிமீட்டர் உருண்டை பிட்டால் அரிசியளவு கண்ணைச் செதுக்க முடியாது. அதற்காக முழுப் பலகையையும் சின்ன பிட்டால் ஓட்டினால் விடிந்துவிடும். முகத்தைச் சுற்றி ஒரு எல்லை வரைந்து, அதற்குள் மட்டும் சின்ன பிட் போகும்படி செய்ய வேண்டும். இது சுலபமாக வருகிறதா என்பது சாஃப்ட்வேருக்கு நல்ல பரீட்சை.

இன்னொன்றும் அன்று கற்றோம். உருண்டை பிட் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பதில்தான் நேரம் இருக்கிறது. 600-க்கு 450 மில்லிமீட்டர் பலகையில் 0.3 மில்லிமீட்டர் தள்ளி ஓடினால் 1,500 கோடு. நிமிஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் வேகத்தில் 5 மணி நேரம். 0.6 தள்ளி ஓடினால் இரண்டரை மணி. ஆறு மில்லிமீட்டர் பிட்டில் அதனால் நிற்கும் வரப்பு 0.015 மில்லிமீட்டர் உயரம்தான். உப்புத்தாள் இரண்டு இழுப்பில் காலி. அப்பா விரலால் தடவிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு மெஷின் மணி இரண்டரை மிச்சம்!

கடைசியில் கணக்கு

"வி கார்வ் ப்ரோவே வாங்கிடலாமா மாப்ள? முகம், எழுத்து எல்லாம் கையில் வெண்ணெய் மாதிரி வருது" என்றான் நண்பன். கண்ணில் பொம்மைக் கடைப் பையன்.

பேப்பர் எடுத்தேன். தவணை, கரண்ட், ஆள் கூலி எல்லாம் சேர்த்து அவன் மெஷின் ஓட ஒரு மணிக்கு 300 ரூபாய் ஆகிறது. பெரிய சாஃப்ட்வேரின் வசதியால் ஒரு புடைப்புப் பலகைக்கு இரண்டு மணி மிச்சமாகிறது என்று தாராளமாகவே வைப்போம். பலகைக்கு 600 ரூபாய். 70,210 ரூபாயை 600 ஆல் வகுத்தால் 117 பலகை. ஆறு மாதத்துக்கு ஐந்து புடைப்பு ஆர்டர் என்ற வேகத்தில் 117 பலகை முடிக்க?

"பன்னெண்டு வருஷம்" என்றேன்.

நண்பன் அமைதியானான். அப்பா முதல் முறையாகச் சிரித்தார்.

முடிவு இதுதான். தட்டை வெட்டுக்கும் பெயர்ப்பலகைக்கும் ஆறாயிரம் ரூபாய் எஸ்ட்எல்கேம், நண்பன் பெயரிலேயே லைசென்ஸ். எழுத்துக்கு இன்க்ஸ்கேப். எப்போதாவது வரும் புடைப்புக்கு விலைக்கு வாங்கிய எஸ்.டி.எல். உருவம், அதே எஸ்ட்எல்கேமில். ராத்திரிகளில் ஃப்ரீகேட் பழகுவது. புடைப்பு ஆர்டர் மாதத்துக்குப் பத்தைத் தாண்டினால் 117 பலகை ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும். அன்றைக்குப் பெரியதை வாங்கலாம். உங்கள் நோட்டில் புடைப்பு அதிகம் இருந்தால் உங்கள் விடை வேறாக இருக்கும். சாஃப்ட்வேரின் விலை அதன் பெட்டியில் இல்லை சார், உங்கள் ஆர்டர் நோட்டில் இருக்கிறது.

இன்னும் ஒரு வைத்தியம். காசில்லாத வைத்தியம். எந்த சாஃப்ட்வேர் ஆனாலும் சரி, மெஷினுக்குப் போகும் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். மேலே ஜி21 என்று இருந்தால் மில்லிமீட்டர். ஜி20 என்று இருந்தால் அங்குலம். எக்ஸ் பக்கத்தில் இருக்கும் மிகப் பெரிய எண்ணைப் பாருங்கள். 600 மில்லிமீட்டர் வேலையில் அது 23 என்றால் பலகையைத் தொடாதீர்கள். பிறகு பிட்டை மரத்துக்கு மேலே தூக்கி வைத்துக் காற்றில் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். அங்குல ஃபைலை மில்லிமீட்டராகப் படித்தால் மரம் பொசுங்குவதோடு போகும். மில்லிமீட்டர் ஃபைலை அங்குலமாகப் படித்தால் 25 மடங்கு தூரம் பாயப் பார்த்து மெஷின் கோடியில் போய் முட்டும்.

அந்தத் தேக்குப் பலகை? சூடு அரை மில்லிமீட்டர் ஆழம்தானே. அப்பா இழைப்புளியை எடுத்து நாலு இழுப்பு இழுத்தார். சுருள் சுருளாகக் கறுப்புத் தேக்கு கீழே விழுந்தது. பலகை புதுசு. மறுபடி மில்லிமீட்டரில் ஓட்டி, கண்ணை மட்டும் அப்பா சின்ன உளியால் திறந்தார். கதவு ஒரு நாள் தாமதமாகப் போனாலும் காசு முழுசாக வந்தது. இப்போது நாலு வளையலில் இரண்டு மீண்டுவிட்டது. நண்பன் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, பிள்ளையார் சுழியைத் தேடுவது போல ஜி21-ஐத் தேடிவிட்டுத்தான் பென் டிரைவில் ஏற்றுகிறான்.

போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு மறுபடி போன்.

"மாப்ள, ஒரு எழுபதாயிரம் கைமாத்தா கிடைக்குமா? அந்தப் பெரிய சாஃப்ட்வேரை..."

"இதுவரைக்கும் எத்தனை பலகைடா ஆச்சு?"

"ஒம்பது."

"இன்னும் நூத்தி எட்டு. அர்ச்சனை மாதிரி முடிச்சுட்டுக் கூப்பிடு" என்று போனை வைத்துவிட்டேன்.